விலங்குப் பண்ணையில் பால் எங்கே போனது?

தேர்தல் நெருங்கினாலோ, பெரிய ஊழல் செய்தி ஏதாவது வெளிவந்தாலோ ஒரு வாக்கியம் தவறாமல் கண்ணில் படும். "எல்லா விலங்குகளும் சமம், ஆனால் சில விலங்குகள் மற்றவற்றைவிடக் கூடுதல் சமம்." ஆளுங்கட்சிக்காரர் எதிர்க்கட்சியைக் காட்டிச் சொல்வார். ஆட்சி மாறியதும் அதே வரியை இவர் அவருக்குத் திருப்பிச் சொல்வார். ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய 'விலங்குப் பண்ணை' நாவலின் கடைசி அத்தியாயத்தில் வரும் வரி அது.

புத்தகம் 1945 ஆகஸ்டில் வெளியானது. பத்தே அத்தியாயங்கள்தான், ஒரு மதியத்தில் படித்துவிடலாம். தமிழில் க.நா.சு. மொழிபெயர்த்திருக்கிறார். இவ்வளவு சின்னப் புத்தகமாக இருந்தும், இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு முடிவுகளில் ஒன்றுக்குத்தான் வந்து நிற்கிறார்கள். ஒன்று, "சமத்துவம் எல்லாம் நடக்காத காரியம், ஆர்வெல் அதைத்தான் சொல்லியிருக்கிறார்." இன்னொன்று, "பதவி வந்தால் எல்லோரும் இப்படித்தான், மனித இயல்பு."

இரண்டுமே புத்தகத்தில் இல்லை. பன்றிகள் கெட்டுப்போயின என்று சொல்வதோடு ஆர்வெல் நிறுத்தவில்லை. எந்த நாளில், எந்தக் காரணத்தைச் சொல்லி, யார் பேசாமல் இருந்ததால் கெட்டுப்போயின என்று படிப்படியாகக் காட்டுகிறார். அந்தப் படிகளைப் புதிதாகப் படிப்பவருக்கு விளக்குவதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் கதை

இங்கிலாந்தில் வில்லிங்டன் என்ற ஊர்ப்பக்கம் மேனர் பண்ணை. உரிமையாளர் ஜோன்ஸ் ஒரு குடிகாரர். ஓல்ட் மேஜர் என்ற கிழட்டுப் பன்றி ஓர் இரவு எல்லா விலங்குகளையும் கொட்டகையில் கூட்டி, "நம் உழைப்பின் பலன் முழுவதையும் மனிதன் எடுத்துக்கொள்கிறான்" என்று பேசுகிறது. மூன்றாம் நாள் இறந்துவிடுகிறது. ஆனால் பேச்சு மனத்தில் தங்கிவிடுகிறது. பிறகு ஒரு நாள் ஜோன்ஸ் தீவனம் போட மறந்துவிட, பசி பொறுக்காத விலங்குகள் திமிறி எழுந்து அவரைப் பண்ணையை விட்டே விரட்டுகின்றன.

பண்ணையின் பெயர் விலங்குப் பண்ணை என்று மாறுகிறது. கொட்டகைச் சுவரில் வெள்ளை எழுத்தில் ஏழு கட்டளைகள் எழுதப்படுகின்றன. எந்த விலங்கும் ஆடை அணியக் கூடாது, கட்டிலில் தூங்கக் கூடாது, மது குடிக்கக் கூடாது, இன்னொரு விலங்கைக் கொல்லக் கூடாது என்றெல்லாம் போய், ஏழாவது கட்டளை "எல்லா விலங்குகளும் சமம்" என்று முடிகிறது.

படிக்கத் தெரிந்த பன்றிகள் நிர்வாகத்தை எடுத்துக்கொள்கின்றன. அவற்றில் ஸ்னோபால், நெப்போலியன் என்ற இரண்டு பன்றிகளுக்குள் எதற்கெடுத்தாலும் சண்டை. காற்றாலை கட்டுவதா வேண்டாமா என்ற விவாதத்தின்போது, நெப்போலியன் ரகசியமாக வளர்த்த ஒன்பது நாய்கள் பாய்ந்து ஸ்னோபாலை விரட்டுகின்றன. அன்றிலிருந்து நெப்போலியன் ஆட்சி. காற்றாலை இடிந்து, மறுபடி கட்டப்பட்டு, எதிரியின் வெடியில் தகர்ந்து, மறுபடியும் எழுகிறது. விலங்குகள் ஜோன்ஸ் காலத்தைவிட அதிகமாக உழைக்கின்றன. கொலைகள் நடக்கின்றன. கட்டளைகள் ஒவ்வொன்றாக மாறுகின்றன. கடைசியில் பன்றிகள் இரண்டு காலில் நடந்து, பக்கத்துப் பண்ணை மனிதர்களோடு விருந்துண்டு சீட்டாடுகின்றன. பண்ணைக்கு மேனர் பண்ணை என்ற பழைய பெயரே திரும்பிவிடுகிறது. ஜன்னல் வழியாகப் பார்க்கும் மற்ற விலங்குகளுக்கு எது பன்றி முகம், எது மனித முகம் என்று தெரியவில்லை.

உருவகக் கதை என்றால் என்ன

விலங்குகள் பேசும் கதை நமக்குப் பழக்கமானது. பஞ்சதந்திரத்தில் நரி பேசும், சிங்கம் ஏமாறும், கதை முடிவில் ஒரு நீதி கிடைக்கும். அந்த நரி எந்த ஊர் மந்திரி என்று யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டியதும் இல்லை.

'விலங்குப் பண்ணை' அப்படிப்பட்ட நீதிக்கதை இல்லை. அது உருவகக் கதை. அதாவது, மேலே ஒரு கதை ஓடும். அதன் ஒவ்வொரு முக்கியமான அடிக்கும் இணையாக, வெளியே நடந்த இன்னொரு கதை அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த நாவலில் அடியில் ஓடுவது ரஷ்யப் புரட்சியும் அதற்குப் பிந்தைய கால் நூற்றாண்டும்.

ஜோன்ஸ் என்றால் 1917-இல் பதவி இழந்த ஜார் மன்னர் இரண்டாம் நிக்கோலஸ். ஓல்ட் மேஜரிடம் கார்ல் மார்க்ஸும் லெனினும் கலந்திருக்கிறார்கள். நெப்போலியன் ஸ்டாலின். ஸ்னோபால் டிராட்ஸ்கி, 1929-இல் சோவியத் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டு, 1940-இல் மெக்சிகோவில் கொல்லப்பட்டவர். நாய்கள் ரகசியப் போலீஸ். பக்கத்துப் பண்ணைக்காரர் ஃபிரெட்ரிக் ஹிட்லர். அவர் நெப்போலியனிடம் மரம் வாங்கிக் கள்ளநோட்டு கொடுத்துவிட்டுப் பிறகு படையெடுத்து வருவதில், 1939 ஆகஸ்டில் ஸ்டாலினும் ஹிட்லரும் செய்த ஒப்பந்தமும் 1941 ஜூனில் ஹிட்லர் அதை மீறியதும் தெரிகின்றன. கடைசி விருந்துக்குப் பின்னால் இருப்பது, ஸ்டாலினும் சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் 1943-இன் இறுதியில் டெஹ்ரானில் சந்தித்த மாநாடு.

இந்த இணைகளில் ஆர்வெல் எவ்வளவு கவனமாக இருந்தார் என்பதற்கு ஒரு சின்ன விஷயம் போதும். காற்றாலை வெடிக்கும் காட்சியில் நெப்போலியன் உட்பட எல்லா விலங்குகளும் தரையில் விழுந்து பதுங்கின என்றுதான் முதலில் எழுதியிருந்தார். அச்சுக்குப் போகும் முன், "நெப்போலியனைத் தவிர" என்று திருத்தச் சொன்னார். 1941-இல் ஜெர்மானியப் படை நெருங்கியபோது ஸ்டாலின் மாஸ்கோவை விட்டு ஓடவில்லை, அந்த நியாயத்தை அவருக்குச் செய்ய வேண்டும் என்பது காரணம். கடுமையாக எதிர்த்த ஒருவர் விஷயத்திலும் உண்மை ஓர் அடி கூடப் பிசகக் கூடாது என்று நினைத்த அந்த மனம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

அதே சமயம், யார் யாரைக் குறிக்கிறார்கள் என்ற பட்டியலோடு நிறுத்திக்கொள்வதும் தவறு. பள்ளிக்கூடங்களில் பெரும்பாலும் அப்படித்தான் நடத்துகிறார்கள். பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டால் புத்தகம் ரஷ்யாவோடு முடிந்துபோகும். நமக்கு வேண்டியது அந்த ஆட்களை அங்கே கொண்டுபோய் நிறுத்திய விசை.

சரி, இதுவரை இரண்டு விஷயங்கள் பார்த்தோம். மேலே ஒரு பண்ணையின் கதை, அடியில் ரஷ்யாவின் கதை. இரண்டையும் இயக்குவது ஒரே பொறிமுறை. அதற்குள் போகும் முன் எழுதியவரைப் பற்றிக் கொஞ்சம்.

எழுதியவர் எங்கிருந்து வந்தார்

ஆர்வெலின் உண்மைப் பெயர் எரிக் ஆர்தர் பிளேர். 1903-இல் பீகாரின் மோதிஹாரியில் பிறந்தார். தந்தை பிரிட்டிஷ் அரசின் அபின் துறையில் அதிகாரி. இளைஞனாக 1922 முதல் 1927 வரை பர்மாவில் ஏகாதிபத்தியப் போலீசில் வேலை பார்த்தார். அதிகாரம் அதைச் செலுத்துகிறவனை என்ன செய்யும் என்று உள்ளே இருந்து பார்த்த ஐந்து ஆண்டுகள் அவை. வெறுத்துப்போய் வேலையை விட்டார்.

1936-இன் கடைசியில் ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்குப் போனார். பாசிசத்தை எதிர்த்து, ஓர் இடதுசாரிப் படையில் சேர்ந்து சண்டையிட்டார். 1937 மே மாதம் தொண்டையில் குண்டு பாய்ந்து மயிரிழையில் பிழைத்தார். ஆனால் அவர் ஸ்பெயினை விட்டுத் தப்பியோடியது எதிரிகளுக்குப் பயந்து இல்லை. அவர் இருந்த படையைச் சேர்ந்தவர்களை, அதே பக்கத்தில் நின்ற சோவியத் ஆதரவாளர்கள் "பாசிச உளவாளிகள்" என்று முத்திரை குத்தி வேட்டையாடத் தொடங்கினார்கள். முந்தின மாதம் வரை பதுங்குகுழியில் கூட இருந்தவர்கள் பத்திரிகைகளில் துரோகிகளாகிவிட்டார்கள். இங்கிலாந்து திரும்பினால், படித்தவர்களும் அந்தப் பொய்யை நம்பிக்கொண்டிருந்தார்கள். நாவலில் ஸ்னோபாலுக்கு நடப்பது இதுதான்.

1943 நவம்பரில் எழுத ஆரம்பித்து 1944 பிப்ரவரியில் முடித்தார். அப்போது ஸ்டாலின் பிரிட்டனின் போர்க்கூட்டாளி. பதிப்பகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறுத்தன. ஃபேபர் நிறுவனத்தின் சார்பில் மறுத்தவர் கவிஞர் டி.எஸ். எலியட். அவர் எழுதிய கடிதத்துக்குப் பிறகு வருவோம், அது முக்கியம். கடைசியில் செக்கர் அண்ட் வார்பர்க் என்ற சிறிய பதிப்பகம் வெளியிட்டது.

பாலும் ஆப்பிளும்

இப்போது விஷயத்துக்கு வருவோம். நாவலில் பன்றிகள் எப்போது கெட்டுப்போயின என்று கேட்டால், பலரும் நாய்கள் பாயும் காட்சியைச் சொல்வார்கள். சிலர் கொலைகளைச் சொல்வார்கள். ஆர்வெல் சொன்ன பதில் வேறு. 1946 டிசம்பரில் அமெரிக்க விமர்சகர் ட்வைட் மெக்டொனால்டுக்கு எழுதிய கடிதத்தில், பன்றிகள் பாலையும் ஆப்பிளையும் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட இடமே கதையின் திருப்புமுனை என்றார். அப்போதே மற்ற விலங்குகள் உறுதியாக மறுத்திருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும் என்றும் எழுதினார்.

அந்தக் காட்சி இரண்டாம் அத்தியாயத்தின் கடைசியில், படிக்கிறவர் கவனிக்காமல் தாண்டிவிடும் அளவுக்குச் சின்னதாக வருகிறது. புரட்சி முடிந்த உற்சாகம். மாடுகளைக் கறந்ததில் ஐந்து வாளிப் பால் நுரையோடு நிற்கிறது. "இவ்வளவு பாலையும் என்ன செய்யப்போகிறோம்?" என்று ஒரு குரல் கேட்கிறது. "ஜோன்ஸ் சில நாள் எங்கள் தீவனத்தில் கொஞ்சம் கலப்பார்" என்கிறது ஒரு கோழி. நெப்போலியன் வாளிகளுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, பாலைப் பற்றிக் கவலை வேண்டாம், அறுவடைதான் முக்கியம் என்று எல்லோரையும் வயலுக்கு அனுப்புகிறது. மாலையில் திரும்பி வரும்போது பால் இல்லை.

அடுத்த அத்தியாயத்தில் உண்மை தெரிகிறது. பால் தினமும் பன்றிகளின் தீவனத்துக்குப் போகிறது. தோட்டத்தில் உதிரும் ஆப்பிள்களும் அவற்றுக்கே. மற்றவை முணுமுணுக்கின்றன. அப்போது ஸ்க்வீலர் வருகிறது. அது பன்றிகளின் பேச்சாளர், வால் ஆட்டி ஆட்டிப் பேசும். எங்களில் பலருக்குப் பாலும் ஆப்பிளும் பிடிக்கவே பிடிக்காது, ஆனால் மூளையால் உழைக்கும் எங்கள் உடம்புக்கு அவை தேவை என்று அறிவியல் நிரூபித்திருக்கிறது, உங்களுக்காகத்தான் நாங்கள் இதைக் குடிக்கிறோம், நாங்கள் கடமை தவறினால் ஜோன்ஸ் திரும்பி வந்துவிடுவார், உங்களில் யாருக்காவது அது வேண்டுமா என்கிறது. யாருக்கும் வேண்டாம். பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது.

ஒரு குடியிருப்போர் சங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டடம் கட்டியவர் தண்ணீருக்கும் லிஃப்டுக்கும் இஷ்டத்துக்குப் பணம் வாங்கினார், எல்லோரும் சேர்ந்து அவரை வெளியேற்றிச் சங்கம் அமைத்தார்கள். செயலாளர் உண்மையிலேயே உழைக்கிறார். லாரித் தண்ணீர், மின்கட்டணம், காவலாளி சம்பளம் எல்லாம் அவர் தலையில். ஒரு நாள், பொதுவாக இருந்த பார்க்கிங் இடத்தில் அவர் கார் நிரந்தரமாக நிற்க ஆரம்பிக்கிறது. ஒருவர் கேட்கிறார். "சங்க வேலையாகத்தானே சார் அடிக்கடி வெளியே போகிறேன்? வேண்டாமென்றால் சொல்லுங்கள், விட்டுவிடுகிறேன். அந்த பில்டரே வந்து நடத்தட்டும்." கேட்டவருக்குச் சங்கடம். ஒரு பார்க்கிங்தானே என்று எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அன்று போனது பார்க்கிங் இடம் மட்டும்தானா? செயலாளர் எடுத்துக்கொண்ட ஒன்றைப் பற்றிக் கேட்டால் பதில் வர வேண்டும் என்ற வழக்கமும் அன்றே போய்விட்டது. அடுத்த ஆண்டு வரவு செலவுக் கணக்கு வரவில்லை என்றால், கேட்பது முன்பைவிடக் கஷ்டம்.

இதற்குப் பெயர் பொறுப்புக்கூறல். அதிகாரம் வைத்திருப்பவர் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும், பதில் சரியில்லை என்றால் கேட்டவர்களால் அவரை மாற்ற முடிய வேண்டும். இரண்டும் சேர்ந்ததுதான் பொறுப்புக்கூறல். முதல் பாதி மட்டும் இருந்தால் போதாது. ஸ்க்வீலரும் பதில் சொல்லத்தானே செய்தது.

பால் காட்சியில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பாலும் ஆப்பிளும் பன்றிகளுக்கே என்பதில் எல்லாப் பன்றிகளும் ஒருமனதாக இருந்தன, ஸ்னோபாலும் நெப்போலியனும்கூட என்று ஆர்வெல் எழுதுகிறார். எதிலும் ஒத்துப்போகாத இருவரும் இதில் ஒத்துப்போகிறார்கள். ஸ்னோபால் ஜெயித்திருந்தால் பண்ணை நன்றாக இருந்திருக்கும் என்று நினைக்க ஆர்வெல் இடமே கொடுக்கவில்லை. இந்தக் காட்சியை 1921 மார்ச்சில் க்ரோன்ஷ்டாட் என்ற ரஷ்யக் கடற்படைத் தளத்தில் நடந்த நிகழ்ச்சியோடு சேர்த்துத்தான் அவர் அந்தக் கடிதத்தில் பேசினார். புரட்சிக்குத் தோள்கொடுத்த கடற்படை வீரர்கள் சுதந்திரமான தேர்தல் கேட்டு எழுந்தார்கள். அவர்களைச் செம்படையை அனுப்பி ஒடுக்கினார்கள். அப்போது லெனின் உயிரோடு இருந்தார், படைக்குப் பொறுப்பு டிராட்ஸ்கி. ஸ்டாலின் உச்சிக்கு வர இன்னும் சில ஆண்டுகள் இருந்தன.

சுருக்கமாக, சீரழிவு கொலையில் தொடங்கவில்லை. சின்னச் சலுகையில் தொடங்கியது. சலுகைக்கு "பொதுநலன்" என்று காரணம் சொன்னார்கள். காரணத்தைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் வழி இல்லாமல் போயிற்று.

அப்புறம் என்னென்ன பூட்டப்படுகின்றன

முதல் சலுகை நிலைத்துவிட்டால் அதைக் காக்க வேண்டிய தேவை வருகிறது. யாராவது கேட்டுவிட்டால்? ஆகவே கேட்கும் வழிகளை ஒவ்வொன்றாக அடைக்க வேண்டும்.

முதலில் கூட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லா விலங்குகளும் கூடி விவாதித்து வாக்களிக்கும் வழக்கம் இருந்தது. ஸ்னோபால் விரட்டப்பட்ட அன்றே நெப்போலியன் அதை ரத்து செய்கிறது. இனி பன்றிகளின் குழு முடிவெடுக்கும், ஞாயிற்றுக்கிழமை உத்தரவு வாங்க வந்தால் போதும். நான்கு இளம்பன்றிகள் மட்டும் எழுந்து ஆட்சேபிக்கின்றன. நாய்கள் உறுமுகின்றன. உடனே ஆடுகள் "நான்கு கால் நல்லது, இரண்டு கால் கெட்டது" என்று கால் மணி நேரம் கத்தி, மிச்சமிருந்த விவாதத்தையும் முடித்துவைக்கின்றன. பயமுறுத்தலும் கூச்சலும் இங்கே ஒன்றுக்கொன்று கைகொடுப்பதைக் கவனியுங்கள். ஆடுகளுக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை. தாங்கள் என்ன செய்கிறோம் என்றுகூட அவற்றுக்குத் தெரியாது.

அடுத்தது நினைவு. புத்தகத்தின் மிக ஆழமான பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். பன்றிகள் ஜோன்ஸின் வீட்டில் கட்டிலில் தூங்குகின்றன என்று கேள்விப்பட்டதும் க்ளோவர் என்ற பெண்குதிரைக்கு ஏதோ உறுத்துகிறது. கட்டிலில் தூங்கக் கூடாது என்று ஒரு கட்டளை இருந்ததே? சுவர்வரை போய்ப் பார்க்கிறது. எழுத்துக்கூட்ட வரவில்லை. வெள்ளாட்டைக் கூட்டிவந்து படிக்கச் சொல்கிறது. "எந்த விலங்கும் விரிப்பு போட்ட கட்டிலில் தூங்கக் கூடாது" என்று இருக்கிறது. விரிப்பு என்ற சொல் இருந்ததாக ஞாபகமில்லை. ஆனால் சுவரில் இருக்கிறதே, அப்படியானால் இருந்திருக்கத்தான் வேண்டும் என்று க்ளோவர் ஏற்றுக்கொள்கிறது.

பிறகு கொலைகள் நடக்கின்றன. கட்டளையைப் போய்ப் பார்த்தால், "காரணமின்றிக் கொல்லக் கூடாது" என்று இருக்கிறது. பன்றிகள் விஸ்கி குடிக்கின்றன. "அளவுக்கு மீறிக் குடிக்கக் கூடாது" என்று இருக்கிறது. ஒரு நள்ளிரவில் சுவரடியில் ஏணி உடைந்து கிடக்கிறது. பக்கத்தில் ஸ்க்வீலர் மயங்கிக் கிடக்கிறது, கூடவே தூரிகையும் கவிழ்ந்த வெள்ளைப் பெயின்ட் டப்பாவும். இவ்வளவு கண்ணால் பார்த்தும் விலங்குகளுக்குப் புரியவில்லை.

இந்தக் கட்டம் வரை எந்தக் கட்டளையும் அழிக்கப்படவில்லை என்பதுதான் இதில் முக்கியம். ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு நிபந்தனை சேர்கிறது, அவ்வளவுதான். சட்டம் இருக்கிறது, வாசகமும் ஏறக்குறைய அதேதான், ஆளுகிறவர்களை மட்டும் அது கட்டுப்படுத்தாது. ஏழாவது கட்டளையின் "கூடுதல் சமம்" இப்படித் திடீரென வந்த அதிர்ச்சி இல்லை. கட்டிலிலும் விஸ்கியிலும் பழகிய வழியிலேயே வந்தது. அந்த வரியை மட்டும் பிய்த்தெடுத்துப் பகிரும்போது தொலைந்துபோவது இந்தப் பாதைதான்.

மூன்றாவது, எதிரி. காற்றாலை புயலில் விழுந்தால் அது ஸ்னோபாலின் சதி. சாவி தொலைந்தால் ஸ்னோபால் கிணற்றில் போட்டுவிட்டது. கோதுமை வயலில் களை மண்டினால் அதற்கும் ஸ்னோபால். கண்ணில் படாத எதிரிக்கு ஒரு வசதி, அவனை ஒருபோதும் தோற்கடித்து முடிக்க முடியாது. எல்லாத் தோல்விக்கும் அவனே கணக்குக் காட்டுவான். உள்ளே கேள்வி கேட்கிறவரை அவனுடைய ஆள் என்று சொல்லிவிடலாம். ஏழாம் அத்தியாயத்தில் அந்த நான்கு இளம்பன்றிகள் முன்னால் இழுத்துவரப்பட்டு, ஸ்னோபாலுடன் சேர்ந்து சதி செய்ததாக "ஒப்புக்கொண்டு" கொல்லப்படுகின்றன. 1936 முதல் 1938 வரை மாஸ்கோவில் நடந்த விசாரணைகளில் புரட்சியின் பழைய தலைவர்களே இப்படித்தான் நம்ப முடியாத குற்றங்களை ஒப்புக்கொண்டு சுடப்பட்டார்கள்.

இவை எல்லாவற்றையும் ஒட்டவைப்பது பிரசாரம். மக்கள் உண்மையைச் சோதிக்க முடியாத இடத்தில், ஆளுகிறவர்களுக்கு வேண்டிய நம்பிக்கையைத் திரும்பத் திரும்ப ஊட்டுவதுதான் பிரசாரம். ஸ்க்வீலர் ரேஷன் குறைப்பை ஒருபோதும் "குறைப்பு" என்று சொல்லாது, "மறுசீரமைப்பு" என்றுதான் சொல்லும். உற்பத்தி 200 சதவீதம், 300 சதவீதம், 500 சதவீதம் உயர்ந்ததாக ஒரு நீளத் தாளை வைத்துக்கொண்டு வாசிக்கும். ஜோன்ஸ் காலம் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெளிவாக ஞாபகமில்லாததால் மறுக்க முடியாது. புள்ளிவிவரம் குறைவாகவும் சாப்பாடு அதிகமாகவும் கிடைத்தால் தேவலை என்று விலங்குகளுக்குச் சில நாள் தோன்றும்.

ஆக மூன்று பூட்டுகள் பார்த்தோம். சேர்ந்து பேசும் இடம் போனது. எது நடந்தது என்ற நினைவு போனது. கேட்கிறவர் எதிரியாகிவிட்டார். இந்த மூன்றும் போன இடத்தில் ஆளுகிறவர் நல்லவரா கெட்டவரா என்பதே அவருடைய விருப்பத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது.

பாக்ஸரும் பெஞ்சமினும்

புதிதாகப் படிக்கிறவர்களை அழவைப்பது பாக்ஸர் என்ற வண்டிக்குதிரை. பண்ணையின் பாதிச் சுமை அதன் முதுகில். அதற்கு இரண்டே வாசகங்கள், "நான் இன்னும் கடினமாக உழைப்பேன்", "நெப்போலியன் சொல்வது எப்போதும் சரி." எழுத்து நான்காவதற்கு மேல் ஏறவில்லை.

ஒரு காட்சியில் மூன்று நாய்கள் பாக்ஸர் மேல் பாய்கின்றன. பாக்ஸர் ஒன்றைக் காலால் தரையோடு அழுத்திவிடுகிறது. நசுக்குவதா விடுவதா? நெப்போலியனின் முகத்தைப் பார்க்கிறது. விடு என்கிறது நெப்போலியன், பாக்ஸர் விட்டுவிடுகிறது. பண்ணையில் இருக்கிற எல்லாப் பலமும் அந்தக் குளம்பில் இருந்தது. அனுமதி கேட்டுவிட்டது. அதே பாக்ஸர் நுரையீரல் கெட்டு விழுந்தபோது, மருத்துவமனைக்கு என்று சொல்லி அடிமாட்டு வண்டியில் ஏற்றுகிறார்கள். அந்தப் பணத்தில் பன்றிகளுக்கு ஒரு பெட்டி விஸ்கி வந்து சேர்கிறது.

கழுதை பெஞ்சமினுக்குப் பன்றிகளைப் போலவே நன்றாகப் படிக்கத் தெரியும். சுவர் மாறுவதும் தெரியும். படிக்கத் தகுந்தது எதுவும் இல்லை என்று பேசாமல் இருக்கும். பாக்ஸரை ஏற்றிய வண்டியின் பக்கவாட்டில் இருந்த எழுத்தைத்தான் முதன்முறையாக உரக்கப் படித்துச் சொல்கிறது. அந்தக் கணமே வண்டி புறப்பட்டுவிடுகிறது. எனக்கு நெப்போலியன்மேல் வருவதைவிட பெஞ்சமின்மேல்தான் அதிகக் கோபம் வரும். படித்தவன் "எல்லாம் இப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டு ஒதுங்குவதை ஞானம் என்று நாம் மதிப்பதால் வரும் கோபம் அது.

இடித்துச் சொல்வார் இல்லாத மன்னன், கெடுப்பவர் யாரும் இல்லாவிட்டாலும் தானே கெடுவான் என்கிறார் வள்ளுவர். ஆர்வெல் காட்டும் நிலைமை இன்னும் மோசம். நெப்போலியன் கெடவே இல்லை, கொழுத்துத்தான் போகிறது. கெடுவது பாக்ஸர்.

இடித்துச் சொல்ல யாருமே முன்வரவில்லையா என்றால், வந்தார்கள். வாரம் 400 முட்டை விற்க நெப்போலியன் ஒப்பந்தம் போட்டதும் கோழிகள் உத்தரத்தில் ஏறி முட்டையிட்டு, அவற்றைக் கீழே விழுந்து உடையவிட்டன. தீவனம் நிறுத்தப்பட்டது. ஐந்து நாள் தாக்குப்பிடித்தன, ஒன்பது கோழிகள் செத்தன. மற்ற விலங்குகளிடம், நோயில் செத்ததாகச் சொல்லப்பட்டது. பால் எங்கே போகும் என்ற பேச்சில் முதல் நாளே வாய் திறந்ததும் ஒரு கோழிதான். முதல் நாள் ஐந்து வாளிப் பாலை மறிப்பதற்கு எல்லோரும் சேர்ந்து நின்றிருந்தால் போதும். பிறகு ஒன்பது உயிர் போயும் ஒன்றும் நடக்கவில்லை.

"நல்லவர் வந்தால் சரியாகிவிடும்"

இப்போது எலியட்டின் கடிதம். 1944 ஜூலையில் எழுதியது. பன்றிகள்தான் மற்ற விலங்குகளைவிட அறிவுள்ளவை, ஆகவே பண்ணையை நடத்தத் தகுதியானவையும் அவைதான், தேவைப்பட்டது பொதுநல உணர்வுள்ள பன்றிகள் என்று வாதிடலாமே என்கிற பொருளில் எழுதினார். பெரிய கவிஞர், கூர்மையான வாசகர். அவருக்கே புத்தகம் இப்படித்தான் தெரிந்தது. இன்று "தலைவர் நல்லவராக இருந்தால் போதும்" என்று சொல்லும்போது நாமும் எலியட் பக்கம்தான் நிற்கிறோம். பால் வாளிக்கு முன்னால் நிற்பது நல்ல பன்றியாகவே இருந்தாலும், அதைக் கேட்டுத் திருப்பியனுப்ப மற்றவர்களுக்கு வழி இருக்கிறதா என்பதுதான் ஆர்வெலின் கேள்வி. தலைவர்களின் வேலை முடிந்ததும் அவர்களைத் தூக்கியெறியத் தெரிந்த, விழிப்பான மக்கள் இருந்தால்தான் புரட்சியால் பெரிய நன்மை விளையும் என்று அந்த 1946 கடிதத்தில் எழுதினார்.

சமத்துவத்துக்கு எதிரான புத்தகம் என்ற கருத்தும் இங்கேயே விழுந்துவிடுகிறது. சர்வாதிகாரத்தை, அதாவது ஒரே கட்சி எல்லாவற்றையும், மக்களின் நினைவையும்கூடக் கைக்குள் வைத்திருக்கும் ஆட்சியை எதிர்த்தும், ஜனநாயக சோஷலிசத்தை ஆதரித்தும்தான் 1936-க்குப் பிறகு தன் முக்கியமான எழுத்தின் ஒவ்வொரு வரியும் எழுதப்பட்டதாக ஆர்வெலே சொல்லியிருக்கிறார். ஆனாலும் பனிப்போர்க் காலத்தில் புத்தகத்தை ஒரு பக்கமாக இழுத்தார்கள். 1954-இல் வந்த கார்ட்டூன் படத்துக்குப் பின்னால் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவின் பணம் இருந்தது. அந்தப் படத்தின் முடிவில் விலங்குகள் பன்றிகளுக்கு எதிராக மறுபடி எழுகின்றன. பன்றியும் மனிதனும் ஒரே முகமாகத் தெரியும் நாவலின் முடிவு, மனிதர்கள் பக்கத்தையும் சேர்த்துக் குற்றம் சாட்டுகிறது. படத்துக்கு அது ஒத்துவரவில்லை.

சரியாகப் புரிந்துகொண்ட வாசகர்களும் இருந்தார்கள். போருக்குப் பின் ஜெர்மனியில் அகதி முகாம்களில் இருந்த சோவியத் அகதிகளுக்கு, இஹோர் ஷெவ்சென்கோ என்ற இளைஞர் நாவலை அப்படியே மொழிபெயர்த்து வாய்விட்டுப் படித்துக் காட்டினார். ஒவ்வொரு காட்சியும் அவர்கள் வாழ்ந்து பார்த்தது. உக்ரேனிய மொழியில் 1947-இல் புத்தகம் வந்தபோது அதை வெளியிட்ட குழுவினர் புரட்சியின் பலன்களை இன்னும் ஆதரித்தவர்கள், ஸ்டாலின் ஆட்சியை எதிர்த்தவர்கள். ஆர்வெல் பணம் வாங்காமல் அனுமதி கொடுத்து, சிறப்பு முன்னுரையும் எழுதினார். மியூனிக்கில் இருந்த அமெரிக்க அதிகாரிகள் 1,500 பிரதிகளைப் பிடுங்கி சோவியத் அதிகாரிகளிடமே ஒப்படைத்துவிட்டார்கள். சுமார் 2,000 பிரதிகள் அதற்கு முன்பே முகாம்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாக ஆர்வெல் நண்பர் ஒருவருக்கு எழுதினார்.